கன்று நடும் முன் தண்ணீர் போகும் வழியைப் பாருங்கள்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டை (மாங்குரோவ்) வளர்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கன்று எங்கே கிடைக்கும்?" என்றுதான். பிச்சாவரத்தில் நடந்தது தெரிந்தால் அந்தக் கேள்வி தானாகப் பின்னால் போய்விடும்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் காட்டை வெள்ளைக்காரர் காலம் தொடங்கி 1970கள் வரை பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையடித்தார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, மண் அமுங்கி, தரை தாம்பாளம் போலக் குழிந்தது. ஓதத்தில், அதாவது கடல் ஏறி இறங்குவதில், உள்ளே வந்த கடல்நீர் வடிய வழியில்லாமல் தேங்கிக் காய்ந்து உப்பாகப் படிந்தது. அதில் விழுந்த விதை பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் போல நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இரு பக்கமும் கிளைகளுமாக வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்க, உப்பு குறைந்தது. அப்புறம் நட்ட கன்றுகள் நின்றன.

வெட்டிய வாய்க்காலை அப்படியே விட்டால் சேறு சேர்ந்து தூர்ந்துவிடும். ஊர்க்காரர்களைக் கூலிக்குக் கன்று நடச் செய்துவிட்டுக் கிளம்பும் திட்டங்கள் கெடுவது இங்கேதான். பிறகு யார் தூர்வாருவார்கள்?

அடுத்த தவறு, எங்கும் சுரபுன்னை என்ற அலையாத்தி மரத்தையே நடுவது. அதன் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் மாதிரி தொங்கும். பறித்துச் சேற்றில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் சுரபுன்னைக்கு வாய்க்கால் ஓரம்தான் ஏற்ற இடம். உப்பு ஏறிய உள்தரையை வெண்கண்டல் என்ற இன்னொரு அலையாத்தி மரம்தான் தாங்கும். எந்நேரமும் தண்ணீருக்குள் கிடக்கும் சேற்றுவெளியிலும் கடற்புல் படுகையிலும் நடுவது இன்னும் மோசம். பிலிப்பைன்ஸில் இப்படிப் பெருமளவில் நட்ட கன்றுகள் செத்துப்போயின. அந்தச் சேற்றுவெளி பறவைகள் இரை தேடும் இடம். கடற்புல்லோ, மரத்தைப் போலவே காற்றிலிருந்து எடுத்த கரிமத்தை (கார்பனை) தானே சேமித்துவைப்பது.

கரிமம் முழுக்க மரத்தில்தான் இருக்கிறது என்று நினைப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. அலையாத்திக் காட்டில் கால் வைத்துச் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். உள்ளே ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கே புதையும் இலையும் வேரும் முழுதாக மக்குவதில்லை. நூற்றாண்டுக் கணக்கில் கரிமமாகவே கிடக்கின்றன. காட்டின் கரிமத்தில் பெரும்பங்கு அந்தச் சேற்றில்தான். இறால் குட்டைக்காக அதைத் தோண்டிக் கரையில் போட்டால் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கி, கார்பன் டை ஆக்சைடாக வெளியேறுகிறது. "இங்கே அழித்தால் என்ன, வேறிடத்தில் பத்து மடங்கு நடுகிறோம்" என்பது கணக்குக்கு ஒத்துவராது. அந்தச் சேறு சேர எடுத்த காலத்தைக் கன்றுகளால் ஈடுகட்ட முடியாது.

கடல்நீர் வந்தால் போதும் என்றும் விட்டுவிடக்கூடாது. திருவாரூர் மாவட்டத்து முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குக் கோரையாறும் பாமணியாறும் கொண்டுவரும் நன்னீர் குறைந்தால் அங்கே உப்பு ஏறும். மேலே ஆற்றில் நடப்பதும் இந்தக் காட்டின் சங்கதிதான்.

நட்ட அன்று எடுத்த எண்ணிக்கையோடு கோப்பை மூடிவிடாதீர்கள். மூன்று வருடம் கழித்துப் போய்ப் பாருங்கள்: வெண்கண்டலைச் சுற்றிப் பென்சில் நட்டது போல மூச்சுவேர் கிளம்பியிருக்கிறதா, நண்டு வளை தெரிகிறதா, ஓதம் இறங்கும்போது வாய்க்கால் வடிகிறதா என்று.