நெல் அவிக்கும் பாய்லருக்கு பிரஷர் கேஜ்: வாங்குவது, மாட்டுவது, பார்ப்பது

பிசான அறுப்பு முடிந்து நெல் வந்து இறங்க ஆரம்பித்துவிட்டால் நெல்லைப் பக்கத்து அரிசி மில்களில் பாய்லருக்கு ஓய்வு கிடையாது. அந்த நேரத்தில் நீராவியின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் மக்கர் பண்ணினால் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டத்தான் தோன்றும். அதனால் சீசனுக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். மில் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், வீட்டுப் பெரியவர்களிடமிருந்து மில்லை இப்போதுதான் கையில் வாங்கியவர்களுக்கும் எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாய்லரை ஓட்டுவது சான்றிதழ் உள்ள அட்டெண்டரின் வேலை. அதில் எதைக் கழற்றுவதானாலும் தீ அணைந்து, பிரஷர் முழுக்க இறங்கி, ஆறிய பிறகுதான். அப்போதும் அவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

1. கடையில் என்ன கேட்பது?

"எத்தனை கிலோ அண்ணாச்சி?" என்றுதான் கடைக்காரர் கேட்பார். பாய்லர் 7 கிலோவில் ஓடுகிறது என்பதற்காக 7 என்றோ 10 என்றோ சொல்லிவிடாதீர்கள். கேஜின் முழு அளவு, ஓடும் பிரஷரைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்கட்டும். 7 கிலோவுக்கு 0–14 அல்லது 0–16 சரியாக இருக்கும். முள் முகப்பின் நடுவில் நிற்பதால் தூரத்திலிருந்தே கண்ணில் படும். 0–10 வாங்கினால் முள் எப்போதும் கோடிப் பக்கமே கிடந்து, உள்ளே இருக்கும் குழாய் சீக்கிரம் தளர்ந்துவிடும். 0–40 வாங்கினால் அரை கிலோ ஏறியது கண்ணுக்கே தெரியாது.

இங்கே 1 கிலோ என்பது ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கிலோ எடை வைத்தால் விழும் அழுத்தம். 1 கிலோ என்பது 14.2 பி.எஸ்.ஐ. (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு). 'பார்' என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட கிலோவேதான். பழைய பாய்லர் தகட்டில் 100 என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அது பி.எஸ்.ஐ. கணக்கு, 7 கிலோதான்.

முகப்பில் 'கிளாஸ் 1.6' என்று பொடி எழுத்தில் இருக்கும். முழு அளவில் 1.6 சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று அர்த்தம். 0–16 கேஜில் அது கால் கிலோ. பாய்லருக்கு இது போதும். முகப்பு 150 மி.மீ. இருந்தால் அடுப்பில் உமி தள்ளுகிறவர் நின்ற இடத்திலிருந்தே பார்த்துக்கொள்வார். கிளிசரின் ஊற்றிய கேஜ் அதிர்வுள்ள பம்புக்கும் கம்ப்ரஸருக்கும் நல்லது. பாய்லருக்கு அந்தக் கூடுதல் காசு வேண்டியதில்லை.

2. வளையக் குழாய் இல்லாமல் மாட்டாதீர்கள்

கேஜுக்குள் இருப்பது வளைந்த, தட்டையான ஒரு பித்தளைக் குழாய். திருவிழாக் கடையில் விற்கும், ஊதினால் சுருள் நீளும் காகித ஊதி போலத்தான்: அழுத்தம் ஏறினால் குழாய் நிமிரப் பார்க்கும், அது முள்ளைத் தள்ளும். 1849-இல் பிரான்ஸில் யூஜின் போர்டன் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. இன்றும் பெரிதாக மாறவில்லை.

7 கிலோ நீராவியின் சூடு சுமார் 170 டிகிரி. அது நேராக உள்ளே போனால் குழாயும் அதைப் பற்றவைத்த இணைப்பும் கெட்டு, முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும். அதற்குத்தான் சைபன் என்கிற வளையக் குழாய். வளைவில் நிற்கும் தண்ணீர் அழுத்தத்தை மட்டும் அனுப்பி, நீராவியைத் தடுத்துவிடும். புதிதாக மாட்டும்போது அந்த வளைவில் தண்ணீர் ஊற்றிவிட்டு மாட்டுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

3. மாட்டுவது

கேஜின் அடியில் சதுரமாக ஒரு பகுதி இருக்கும். ஸ்பானரை அதில் மட்டும் போடுங்கள். வட்ட உடம்பைப் பிடித்துத் திருகினால் உள்ளே உள்ள குழாய் முறுகிவிடும். மாட்டும் முன் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள்.

கண்ணுக்கு எட்டட்டும் என்று கேஜைக் கீழே இறக்கி வைப்பதுண்டு. அப்போது இணைப்புக் குழாயில் நிற்கும் தண்ணீரின் எடையும் சேர்ந்துகொள்ளும். 10 மீட்டர் தண்ணீர் 1 கிலோ. 2 மீட்டர் இறக்கினால் கேஜ் 0.2 கூட்டிக் காட்டும். அட்டெண்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, பாய்லருக்கு அனுமதித்த உச்ச பிரஷரில் ஒரு சிவப்புக் கோடு. கண்ணாடி மேல் போட்டால் கண்ணாடி திரும்பும்போது கோடும் நகர்ந்துவிடும். முகப்பிலேயே போடச் சொல்லுங்கள்.

4. சேஃப்டி வால்வும் தண்ணீர் கண்ணாடியும்

கேஜ் காட்டும், காப்பாற்றாது. பிரஷர் மீறினால் திறந்துவிடுவது சேஃப்டி வால்வு. அதன் சீலை உடைக்கக் கூடாது, பாய்லருக்கும் அதற்கும் நடுவே வேறு வால்வு போடக் கூடாது. சீறிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் வால்வு உட்கார்ந்து மூடும் இடத்தில் தூசியோ தேய்மானமோதான் காரணம். ஸ்பிரிங்கை இறுக்கிச் சத்தத்தை அடக்குவது, என்னைக் கேட்டால், மில்லில் செய்யக்கூடிய ஆபத்தான வேலைகளில் முதல் இடம்.

கேஜ் சரியாகக் காட்டும்போதே பாய்லரில் தண்ணீர் இல்லாமல் போகலாம். எனவே உள்ளே தண்ணீர் மட்டத்தைக் காட்டும் தண்ணீர் கண்ணாடியை ஒவ்வொரு ஷிப்டிலும் சோதிக்க வேண்டும். கண்ணாடிக்கு நீராவியையும் தண்ணீரையும் விடும் திருகுகளான நீராவி காக், தண்ணீர் காக் இரண்டையும் மூடி, தண்ணீரை வெளியே விடும் டிரெயினைத் திறங்கள். தண்ணீர் காக்கை மட்டும் திறந்தால் தண்ணீர் வேகமாக வர வேண்டும். அதை மூடி நீராவி காக்கைத் திறந்தால் நீராவி வர வேண்டும். அதையும் மூடி, டிரெயினையும் மூடிவிட்டு, தண்ணீர் காக்கை மெதுவாகத் திறங்கள்; கண்ணாடி நிறையும். அப்புறம் நீராவி காக்கைத் திறந்ததும் மட்டம் சட்டென்று பழைய இடத்துக்கு வரும். மெதுவாக வந்தால் வழியில் அடைப்பு. போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் இந்த அடைப்பு சீக்கிரமே வரும்.

கண்ணாடியில் தண்ணீரே தெரியாவிட்டால் பம்பைப் போடாதீர்கள். காய்ந்த தகட்டில் குளிர்ந்த தண்ணீர் விழுந்தால் பாய்லர் வெடிக்கலாம். முதலில் அடுப்பிலிருந்து தீயை வெளியே இழுங்கள், அடுப்புக்குப் போகும் காற்றை நிறுத்துங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள். தானாக ஆறிய பிறகும் பாய்லர் ஆய்வாளர் பார்க்காமல் மறுபடி பற்றவைக்க வேண்டாம்.