சின்னப் பழமரம் வளர்ப்பதில் நாங்கள் விடுகிற பிழைகள்

போன ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வளவுக்குள் கறுத்தக்கொழும்பான் மாமரத்தில் ஏணி சாத்தியிருந்தது. வீட்டுக்காரத் தம்பி கத்தியோடு ஏறி நின்று உச்சிக் கொப்புகளைத் தறித்துக்கொண்டிருந்தார். ஐப்பசி மாதம். கிழக்கே வானம் கறுத்திருந்தது.

"அண்ணை, மழைக்கு முதல் வெட்டிவிட்டால் நல்லாத் தழைக்கும்தானே?" என்று மேலிருந்து கேட்டார்.

"ஓம், தழைக்கும். ஆனால் தையில் பூக்காது. முதலில் இறங்குங்கோ தம்பி" என்றேன்.

இதே கேள்வியை வருடா வருடம் யாராவது ஒருவர் கேட்கிறார். ஒரு காலத்தில் நானும் கேட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பதினாறு பரப்பு சேர்ந்தால்தான் 1 ஏக்கர். எங்களில் பலருக்கு இருப்பது இரண்டு பரப்பு. அதற்குள் வீடு, கிணறு, மலசலகூடம் எல்லாம் போக, மா, கொய்யா, தேசி (எலுமிச்சை), மாதுளை, ஒரு பலா என்று வைக்க ஆசைப்படுகிறவர் மரத்தைச் சின்னதாகத்தான் வைத்திருக்க வேண்டும். சின்ன மரத்தில் நிலத்தில் நின்றபடியே பறிக்கலாம். பழ ஈக்கும் வௌவாலுக்கும் முந்திப் பை கட்டலாம். சோளகக் காற்று அடிக்கும்போது பிஞ்சு உதிர்வதும் குறைவு.

தண்ணீர் விட மறப்பது, மதிலோடு ஒட்டி நடுவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவற்றை மரமே சீக்கிரம் காட்டித் தந்துவிடும்.

முதல் வெட்டுக்குப் பயப்படுவது

ஒட்டு மாங்கன்று வேர் பிடித்து, ஒரு தளிர் விட்டு முற்றியதும் நிலத்திலிருந்து இரண்டு, இரண்டரை அடியில் நுனியை வெட்டிவிட வேண்டும். ஒட்டுக்கட்டிய இடத்துக்கு மேலே ஒரு அடியாவது மிஞ்ச வேண்டும். காசு கொடுத்து வாங்கிய கன்றின் தலையை வெட்ட யாருக்கும் கை வராது. ஆனால் அந்த வெட்டு விழுகிற இடத்தில்தான் மரத்தின் முதல் கவர் பிரியும். ஆறடியில் கவர் பிரிந்த மரத்தை ஏழடிக்குள் அடக்கி வைக்க நல்ல வழி எதுவும் இல்லை.

வெட்டிய இடத்தில் வருகிற தளிர்களில் திசைக்கு ஒன்றாக மூன்று, நான்கை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிடுங்கள். அவை நீண்டு முற்றியதும் ஒன்றரை அடியில் அவற்றுக்கும் ஒரு வெட்டு. முதல் மூன்று வருடமும் இதுதான் வேலை. முதல் இரண்டு வருடம் பூ வந்தால் நான் அதையும் கிள்ளிவிடுவேன். அந்த வயதில் கன்றின் பலம் கொப்புக்குப் போக வேண்டும்.

வளையத்துக்கு மேலே வெட்டுவது

மாங்கொப்பை உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு தளிரும் முடிந்த இடத்தில் இலைகள் நெருக்கமாக ஒரு வளையம் போல நிற்கும். இலை உதிர்ந்த பிறகும் அந்த இடத்தில் தழும்புகள் தெரியும். அங்கே அரும்புகள் கும்பலாக இருக்கின்றன. அதற்குச் சற்று மேலே வெட்டினால் ஒரே இடத்திலிருந்து ஆறேழு தளிர் விளக்குமாறு போலக் கிளம்பும். எல்லாம் மெலிந்தவை, காய்ப் பாரத்தில் கவரோடு கிழிபவை. வளையத்துக்குக் கீழே வெட்டினால் இரண்டோ மூன்றோ தளிர் இடைவெளி விட்டு வரும். கத்தரிக்கோலை இரண்டு அங்குலம் கீழே இறக்குவதுதான் வித்தியாசம். இதை நான் தெரிந்துகொள்ள ஆறு வருடம் பிடித்தது.

மழைக்கு முன் வெட்டுவது

இதைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மற்றப் பிழைகளில் மரம் கொஞ்சம் கோணலாகும், அவ்வளவுதான். இதில் வருடக்கணக்கில் பழம் போகும். போனதற்குக் காரணமும் பிடிபடாது.

மா என்பது, முற்றி ஓய்ந்த கொப்பின் நுனியில் பூக்கும் மரம். ஒரு தளிர் செம்பு நிறத்தில் வந்து, பச்சையாகி, கரும்பச்சையாகி, இலை தடித்து, பூக்கிற பக்குவத்துக்கு வர நாலைந்து மாதம் வேண்டும். அந்த வயது வந்த நுனிதான் தைப்பனியில் பூக்கும்.

மாதங்களை எண்ணிப் பாருங்கள். ஆனியிலோ ஆடி முற்பகுதியிலோ பழம் இறங்கிய கையோடு வெட்டி, கிணற்றுத் தண்ணீர் இறைத்தால் ஆவணிக்குள் தளிர் வந்துவிடும். தை பிறக்கும்போது அதற்கு ஐந்து மாதம். பூக்கும். ஐப்பசியில் வெட்டினால் கார்த்திகை மழையில் தளிர் வரும். பொங்கலுக்குப் பானை வைக்கும்போது அதற்கு இரண்டு மாதம்கூட இராது. இலை இன்னும் மெத்தென்று தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நுனியில் பூ எப்படி வரும்?

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். எங்கள் வேலிகளிலிருந்துதான் என்று நினைக்கிறேன். பூவரசையும் கிளுவையையும் மழையை எண்ணித்தான் வெட்டுகிறோம். வேலிக்கு நடுகிற கதியால் தடி மழைக்கு நட்டால்தான் வேர் பிடிக்கும். வெட்டிய மரமும் நாலு மழையில் முன்னையிலும் அடர்த்தியாகத் தழைத்துவிடும். குழைக்கு வளர்க்கிற மரத்துக்கு அது சரிதான், எங்களுக்கு வேண்டியது இலை. அதே கத்தியோடு மாவிடம் போகிறோம். மாவும் இலையைத்தான் தருகிறது.

எங்கள் கிணற்றடிக் கறுத்தக்கொழும்பானை 1994 இல் அம்மா வைத்தார். அடுத்த வருடம் ஐப்பசிக் கடைசியில் போரால் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அது என் இடுப்பளவு. கிளிநொச்சி, பிறகு வவுனியா என்று இருந்துவிட்டு, போர்நிறுத்தத்தில் ஏ9 பாதை திறந்த 2002 இல் திரும்பி வந்தோம். வீட்டுக் கூரையில் பாதி இல்லை. மா மட்டும் இருபத்தைந்து அடிக்கு நிமிர்ந்து நின்றது. அந்த வருடம் காய்த்தது, ஆனால் எல்லாம் உச்சியில். பழம் பறிக்கிற கொக்கைத்தடி எட்டவில்லை. பாதியை வௌவால் கொண்டுபோக, மீதி விழுந்து வெடித்தது.

அந்த ஐப்பசியில் ஆள் பிடித்து ஏழடிக்கு மேலே உள்ள அத்தனையையும் ஒரே நாளில் தறித்தேன். நாலு மொட்டைக் கொப்புகள் நின்றன. அம்மா திண்ணையிலிருந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

கார்த்திகையில் தளிர் கொட்டியது. நல்ல வேலை செய்தேன் என்று நினைத்தேன். தையில் ஒரு பூ இல்லை. மாசி, பங்குனி வெயில் வெட்டுக்குக் கீழே மேற்குப் பக்கப் பட்டையை வெடிக்க வைத்தது. அதுவரை இலை நிழலில் இருந்த பட்டை ஒரேயடியாக வெயிலைக் கண்டால் தாங்காது. வெடித்த இடத்தில் வண்டு முட்டையிட்டு, புழு உள்ளே போய், அடியில் மரத்தூள் கொட்டத் தொடங்கியது. ஒரு கொப்பை முழுதாக இழந்தோம்.

அடுத்த புரட்டாதியில் மரம் பற்றை போல அடர்ந்து நின்றது. அடர்த்தியால்தான் பூக்கவில்லை என்று முடிவு கட்டி, மழைக்கு முன் மறுபடியும் வெட்டினேன். திரும்பவும் தளிர், திரும்பவும் பூ இல்லை. 2003, 2004, 2005 ஆகிய மூன்று ஆனியிலும், வளவுக்குள் கறுத்தக்கொழும்பான் நிற்க, திருநெல்வேலிச் சந்தையில் கறுத்தக்கொழும்பான் வாங்கி அம்மாவுக்குக் கொடுத்தேன். அது இப்போதும் மனதில் கிடக்கிறது.

இந்தப் பிழை தன்னைத் தானே வளர்க்கிறது என்பதையும் கவனியுங்கள். வெட்டுவதால் பூக்கவில்லை. பூக்காத மரத்தின் பலமெல்லாம் இலைக்கும் கொப்புக்கும் போகிறது. மரம் இன்னும் உயர்கிறது. அதனால் மறுபடியும் வெட்டுகிறோம். காய்க்கிற மரம் காய்ப் பாரத்தாலேயே பாதி அடங்கும்.

ஏற்கெனவே உயர்ந்துவிட்ட மரம் என்றால் மூன்று வருடமாகப் பிரித்து இறக்குங்கள். பழம் பறித்தவுடன், முதல் வருடம் நடுவில் நேரே மேலே போகிற ஒன்றிரண்டு பெரிய கொப்பை மட்டும். பக்கக் கொப்புகள் இலையோடு நின்று மரத்துக்குச் சாப்பாடு கொடுக்கட்டும், பட்டைக்கு நிழலும் கொடுக்கட்டும். அடுத்த வருடம் இன்னும் ஒரு பங்கு, அதற்கடுத்த வருடம் மீதி. வெயில் படுகிற பட்டைக்குச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிவிடுங்கள். வருகிற தளிர்களில் கொப்புக்கு இரண்டு மூன்றை விட்டு மீதியைப் பிஞ்சிலேயே கிள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஆனியிலும் பழம் காய்த்து முடிந்த நுனிகளை ஒரு முழம் கழித்துவிட்டால் போதும்.

உரும்பிராயில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவருடைய அம்பலவி மாமரம் ஒன்பது அடி, வயது பதினாலு. கடைசிப் பழம் பறித்த அன்றே வெட்டிவிடுவார், மறுநாளைக்கு வைப்பதில்லை. அவர் வீட்டில் கொக்கைத்தடியே கிடையாது.

ஒட்டுக்குக் கீழே வருகிற துளிரை விடுவது

கண்டவுடன் கிள்ளுங்கள். விட்டால் ஒட்டுக்கட்டிய இனம் போய், அடியில் வேருக்காக வைத்த கன்றின் மாதான் மிஞ்சும்.

எல்லா மரத்தையும் மா என்று நினைப்பது

கொய்யா புதுத் தளிரில் பூக்கும். அதனால் எப்போது வெட்டித் தண்ணீர் விட்டாலும் தளிரோடு பூவும் வரும். வெட்டப் பழகுகிறவர் கொய்யாவில் பழகலாம். நேரே ஓடுகிற கொப்பைக் கயிறு போட்டு வளைத்து, ஒரு சுண்ணாம்புக்கல்லில் கட்டிவிடுங்கள். வளைந்த கொப்பில் நெடுகத் துளிர் வெடித்துப் பூக்கும். உயரமும் அடங்கும்.

மாதுளை குட்டையான முற்றிய கிளைகளின் நுனியில் பூக்கும். அதைப் பூச்செடி வேலி போலச் சுற்றிவரக் கத்தரித்தால் பூவையே கத்தரிக்கிறீர்கள். அடியில் முளைக்கிறவற்றைக் களைந்து நாலு தண்டை நிறுத்தினால் போதும்.

தேசிக்குப் பெரிய வெட்டு வேண்டாம். காய்ந்த கொப்பு, உள்ளே ஒன்றோடொன்று உரசுவது, பெரிய முள்ளோடு நேரே மேலே ஓடுகிற கொழுத்த தண்டு, இவை மூன்றையும் எடுங்கள்.

பலாவை வெட்டத்தான் பலரும் தயங்குகிறார்கள். பலா காய்ப்பது அடிமரத்திலும் பெரிய கொப்பிலும். பத்துப் பன்னிரண்டு அடியில் உச்சியை நிறுத்தினால் காய் கைக்கெட்டும் உயரத்திலேயே இருக்கும்.

யூரியா

மரத்தைச் சின்னதாக வைத்திருக்க வெட்டுகிறோம், பிறகு யூரியா போட்டு ஓட விடுகிறோம். எங்கள் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல். மேலே போடுவது தடையில்லாமல் கிணற்றுக்குப் போய்விடும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. வலிகாமத்தில் அந்த அளவைத் தாண்டிய கிணறுகள் இருக்கின்றன. பழம் பறித்து வெட்டியபின் ஒரு கூடை மக்கிய மாட்டெரு, வீட்டு மரத்துக்குப் போதும். புரட்டாதிக்குப் பிறகு எந்தப் பசளையும் வேண்டாம்.

வளர்ச்சியை அடக்கும் மருந்து

பக்லோபியூட்ரசோல் என்ற மருந்து தளிர் நீள்வதை அடக்கிப் பூவைத் தூண்டும். பெருந்தோட்டக்காரர்கள் மாவுக்குப் பாவிக்கிறார்கள். வேரடியில் ஊற்றுகிற மருந்து அது, மண்ணில் நெடுநாள் தங்கும். கிணறும் மரமும் இருபது அடிக்குள் நிற்கிற வளவில் அதை ஊற்ற நான் சம்மதிக்க மாட்டேன். இங்கே கேட்டால் கத்தரிக்கோலைத்தான் தருவேன்.

மழுங்கின கத்தி

கூரான வாள், கூரான கத்தரிக்கோல். கொத்தி முறிக்க வேண்டாம்.

இந்த ஐப்பசியில் வெட்டிவிட்டீர்கள் என்றால்

இனி வருகிற மழைக்கு முன் இன்னொரு கொப்பிலும் கை வைக்க வேண்டாம். தளிர்களைப் பிஞ்சிலேயே ஐதாக்குங்கள். மழை ஓய்ந்ததும் சுண்ணாம்பு பூசுங்கள். அடுத்த ஆனியில் பழம் இல்லாவிட்டாலும் உங்கள் வெட்டு மாதத்தை ஆனிக்கு மாற்றிவிடுங்கள். அதற்குப் பிறகு வருகிற தையில் பூ வரும்.

கோண்டாவில் தம்பி பாதி மரத்தோடு இறங்கிவிட்டார். கிழக்குப் பக்கம் மொட்டை, மேற்குப் பக்கம் அப்படியே நிற்கிறது. வெட்டாத பாதியின் நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன். கரும்பச்சை, நல்ல தடிப்பு. தையில் அந்தப் பக்கம் பூக்கும். அதன் பழத்தைப் பறிக்கிற அன்று வாளோடு வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.