மரகதம் கேட்டால் பச்சை பெயிண்ட் அடிக்காதீர்கள்

போன தை மாதம் ஆரணியிலிருந்து என்னிடம் நக அலங்காரத்துக்கு ஒரு கல்யாணப் பெண் வந்திருந்தாள். அரக்குப் பட்டு, மரகதக் கல் பதித்த அட்டிகை. போனில் அட்டிகையின் படத்தைக் காட்டி, “அக்கா, இந்தப் பச்சை அப்படியே நகத்தில் வரணும்” என்றாள். அதற்கு முன் வீட்டிலேயே ஒரு முறை போட்டுப் பார்த்திருக்கிறாள். கரும்பச்சை நெயில் பாலிஷ், இரண்டு கோட். நிறத்தில் குறை சொல்ல முடியாது, அட்டிகையோடு பொருந்தத்தான் செய்தது. ஆனாலும் விரல்களைப் பார்த்தால் ஜன்னல் கம்பிக்கு பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ரத்தினக் கல் மாதிரி நக அலங்காரம் செய்யப் போகிறவர்கள் முதலில் செய்யும் தவறு இதுதான். கல்லின் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள், வெளிச்சம் அந்தக் கல்லுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. மரகதத்திலும் மாணிக்கத்திலும் வெளிச்சம் உள்ளே போய், அடியில் பட்டு, நிறத்தை ஏற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. கெட்டியான பாலிஷில் அது மேல்தோலிலேயே முட்டித் திரும்பிவிடும், ஆழமே தெரியாது. நம் ஊர் ஆசாரிகளுக்கு இது எப்போதோ தெரியும். அடிப்பக்கம் மூடிய நகையில் கெம்பு பதிக்கும்போது கல்லுக்கு அடியில் பளபளப்பான தகடு வைப்பார்கள். கல் சாதாரணமாக இருந்தாலும் தகடு வெளிச்சத்தைத் திருப்பிவிடுவதால் நெருப்புத் துண்டு மாதிரி ஜொலிக்கும்.

நகத்திலும் அதே வேலைதான். ஆரணிப் பெண்ணுக்கு பேஸ் கோட்டுக்கு மேல் வெள்ளி ஃபாயிலை அங்கங்கே கசக்கி ஒட்டினேன். அதன் மேல் ஜெல்லி என்று விற்கிற, கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் பச்சை ஜெல், மூன்று மெல்லிய கோட். ஒவ்வொரு கோட்டையும் ஜெல்லை இறுக வைக்கும் புற ஊதா லேம்ப்பில் காட்டிய பிறகே அடுத்தது. இரண்டாவது கோட்டுக்குப் பிறகு ஊசி முனை பிரஷ்ஷால் கரும்பச்சையில் மயிரிழை மாதிரி நாலைந்து கோடுகள், அதுவும் கோணல்மாணலாக. இந்தக் கோடுகளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நிஜ மரகதத்துக்குள் பாசி படர்ந்த மாதிரி கீறலும் தூசும் இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் தோட்டம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது இல்லாத பச்சை, உடைந்த சோடா பாட்டில் துண்டு மாதிரிதான் தெரியும்.

மூன்று மெல்லிய கோட்டுக்குப் பதில் ஒரே தடிமன் கோட்டாகப் போட்டால் நேரம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். அடர்ந்த நிறத்தில் ஒளி அடிவரை போகாது. மேலே காய்ந்து சுருங்கும், கீழே ஈரமாகவே இருக்கும். போதாக்குறைக்கு லேம்ப்புக்குள் நகம் சுட்டுக் கையை இழுக்க வைக்கும்.

எல்லாக் கல்லும் ஊடுருவித் தெரியும் கல் இல்லை. பவளத்துக்குக் கிளிட்டர் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். பவளம் கடல் உயிரி கட்டிய சுண்ணாம்பு, மழமழவென்று இருக்குமே தவிர மினுக்காது. நல்ல ஆரஞ்சு சிவப்பில் கிரீம் பாலிஷ் இரண்டு கோட், அப்புறம் டாப் கோட், முடிந்தது. முத்துக்கு வெள்ளை ஜெல்லின் மேல் பிசுபிசுப்பு இல்லாத டாப் கோட் போட்டு, அதைக் காய வைத்த பின் க்ரோம் பவுடரைத் துளி எடுத்துத் தேய்க்க வேண்டும். அதிகம் தேய்த்தால் முத்து போய் எவர்சில்வர் டம்ளர் வந்துவிடும். மேலே மறுபடி டாப் கோட் போட்டு நக நுனியையும் மூடாவிட்டால், இரண்டு நாள் பாத்திரம் தேய்ப்பதற்குள் நுனி வெளுத்துப் போகும். மலகைட் என்ற வரிவரியான கல்லின் பச்சை வரிகளை ஸ்கேல் வைத்த மாதிரி சமமாகப் போடுவது இன்னொரு தவறு. அந்த வரிகள் ஒன்று தடித்து, ஒன்று மெலிந்து, வளைந்து வளைந்துதான் போகும். புது பிரஷ்ஷைவிடப் பிய்ந்த பழைய பிரஷ்ஷில் அது நன்றாக வருகிறது.

வைடூரியம் தனிக் கதை. பூனைக் கண் மாதிரி நடுவில் ஒரு ஒளிக்கோடு, விரலைத் திருப்பினால் கூடவே நகரும். கல்லுக்குள் ஊசி ஊசியாக ஒரே திசையில் அடுக்கியிருக்கும் இழைகளால் வருவது அது. கேட் ஐ ஜெல்லில் அந்த இழைகளுக்குப் பதிலாகக் காந்தத்துக்கு இழுபடும் நுண்துகள்கள் இருக்கின்றன. ஐந்து விரலுக்கும் ஜெல்லைப் பூசிவிட்டு, அப்புறம் ஒவ்வொன்றாகக் காந்தம் காட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் கெடுகிறது. காந்தத்தை எடுத்ததுமே துகள்கள் மெல்லக் கலைய ஆரம்பிக்கும். கடைசி விரலை முடிக்கும்போது முதல் விரலில் கோடு இருக்காது, புகைதான் இருக்கும். ஒரு விரல் பூசுங்கள். காந்தத்தை நகத்தில் ஒட்டாமல், ஒரு அரிசி மணி அளவு இடைவெளி விட்டுப் பத்து எண்ணும்வரை அசையாமல் பிடியுங்கள். கோடு கத்தி மாதிரி விழுந்ததும் உடனே அந்த விரலை மட்டும் லேம்ப்புக்குள் காட்டுங்கள். அடியில் கறுப்பு பேஸ் இருந்தால் கோடு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

ஒட்டுகிற கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் விழாமல் இருக்க அதன் தலைமேலேயே டாப் கோட்டை ஊற்றுகிறார்கள். பட்டை தீட்டிய முகமெல்லாம் மூடி, கண்ணாடிக் கல் பிளாஸ்டிக் மணியாகிவிடும். கல்லுக்குக் கெட்டியான ஜெம் ஜெல்லைத்தான் அடியில் வைக்க வேண்டும், டாப் கோட் விளிம்பைச் சுற்றி மட்டும். பத்து விரலிலும் கல் வேண்டாம், கைக்கு ஒரு விரல் போதும். பட்டுப் புடவைக் கொசுவத்தில் சரிகை இழையை ஒரு கல் இழுத்துவிட்டால் அன்றைய சந்தோஷம் முழுக்கப் போய்விடும்.

நவரத்தினமும் கேட்கிறார்கள். ஒன்பது கல், பத்து விரல், கணக்கு இடிக்கும். ஒன்பது நிறத்தை ஒன்பது நகத்தில் போட்டால் கை கலர் சாக்பீஸ் டப்பா ஆகிவிடுகிறது. நவரத்தின மோதிரத்தில் மாணிக்கம் நடுவில், மற்ற எட்டும் சுற்றி இருக்கும். அதையே மோதிர விரல் நகத்தில் சின்னதாக ஒட்டி, மற்ற நகங்களை ஒரே மாணிக்க நிறத்தில் விடுவது என் வழக்கம். ராசிக்கு எந்தக் கல் என்று கேட்பவர்களுக்கு ஒன்று: நகத்தில் பூசிய புஷ்பராகத்துக்கு குரு பகவான் பொறுப்பில்லை.

நிறத்தை டியூப்லைட்டில் தேர்ந்தெடுக்காதீர்கள். மாணிக்கச் சிவப்பு மஞ்சள் வெளிச்சத்தில் கனல் மாதிரி எரியும், அதே வெளிச்சத்தில் நீலம் இருண்டுவிடும். சாயங்கால ரிசப்ஷனுக்கு கருநீலம் போட்டால் போட்டோவில் நகம் கறுப்பாகத்தான் விழும். நீலம்தான் வேண்டும் என்றால் இரண்டு படி வெளிறிய நீலமாக, வெள்ளி அடித்தளத்தின் மேல் போடுங்கள்.

மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு என்று வேலூரைக் கேலியாகச் சொல்வார்கள். அந்த மொட்டை மலைகள் பகலில் வாங்கிய வெயிலை ராத்திரியெல்லாம் திருப்பித் தரும் ஊரில், ஜெல் பாட்டிலை ஜன்னலோரம் வைத்தேன் நான். லேம்ப் செய்கிற வேலையை வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரும் செய்யும் என்பது எனக்குத் தெரியும், இருந்தும் வைத்தேன். மூடியைச் சரியாகத் திருகாத மாணிக்கச் சிவப்பு பாட்டிலில் பிரஷ் அப்படியே இறுகிவிட்டது. இழுத்தால் பாட்டிலும் சேர்ந்து வருகிறது. இப்போது எல்லாம் பீரோவுக்குள் ஒரு அட்டைப் பெட்டியில்.

அடுத்தது அழகு சம்பந்தப்பட்டதில்லை, ஆனால் இதில்தான் நான் கறாராக இருப்பேன். ஜெல் நகத்தில்தான் இருக்க வேண்டும், சுற்றியுள்ள தோலில் படக் கூடாது. காயாத ஜெல்லில் இருக்கும் அக்ரிலேட் என்ற ரசாயனம் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் அலர்ஜி வரலாம். வந்தால் பெரும்பாலும் போகாது. பல் அடைக்கப் பயன்படும் பொருளிலும் அதே இனம் இருப்பதால் தொந்தரவு அங்கேயும் தொடரலாம். வழிந்தால் லேம்ப்புக்கு முன்பே துடையுங்கள். லேம்ப் வெளிச்சத்தில் ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற பொருள் கலந்த ஜெல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். தூக்கிக்கொண்டு நிற்கும் ஜெல்லைச் சும்மா உட்கார்ந்து பிய்க்கவும் வேண்டாம். நகத்தின் மேலடுக்கும் கூடவே உரிந்து வரும். கை நகம் மாதம் 3 மில்லிமீட்டர் அளவுதான் வளரும், கெட்ட நகம் முழுதாக மாற நாலிலிருந்து ஆறு மாதம்.

மருதாணி வைக்கப் போகிறவர்கள் மருதாணியை முதலில் முடித்துவிடுங்கள். வெளிர் நிற நகத்தில் மருதாணி பட்டால் முத்து காவியேறிவிடும். மருதாணிக்காகத் தடவிய தைலத்தை நகத்திலிருந்து நன்றாகத் துடைக்காவிட்டால் ஜெல் ஒட்டாது. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் கல்யாணப் பெண்களில் பலர் தொழுகைக்கு ஒளுச் செய்யும்போது தண்ணீர் நகத்தில் பட வேண்டும் என்பதால் ஜெல்லே வேண்டாம் என்பார்கள். அவர்களுக்கு பிரஸ்-ஆன் நகத்தில் டிசைன் செய்து, டேப்பால் ஒட்டிக்கொள்ளக் கொடுக்கிறேன். வேண்டும்போது மாட்டலாம், கழற்றலாம்.

பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊர் இது. நர்சிங் படிக்கும் பிள்ளைகள் லீவு நாளில் ஆசையாக வருவார்கள். வார்டுக்குத் திரும்பும் முன் எடுத்துவிட வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். நோயாளிகளுக்குத்தான் தெரிவதில்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நகத்தின் வழியே சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கிறது. கருநீலம், பச்சை, கறுப்பு மாதிரி அடர்ந்த நிறங்கள் அந்த அளவைக் குறைத்துக் காட்டக்கூடும். ஒரு தடவை, நான் நீலக்கல் டிசைன் போட்டுவிட்ட ஒரு அம்மா ராத்திரி 9 மணிக்கு வந்து கதவைத் தட்டினார். காலையில் ஆபரேஷன், நகப் பூச்சு எதுவும் இருக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்து, பத்து விரலுக்கும் ஃபாயில் சுற்றி, கால் மணி நேரம் உட்கார வைத்தேன். போடுவதற்கு இரண்டு மணி நேரம் எடுத்த நீலம், எடுப்பதற்கு 40 நிமிடம். இப்போதெல்லாம் நிறம் கேட்பதற்கு முன் ஆஸ்பத்திரி தேதி ஏதாவது இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன்.