மாடியில் நிலாச்சோறு: 12 பேருக்கு ஒரு கணக்கு

புதிதாகக் குடிவந்த இடத்தில் பழக்கம் பிடிக்க நிலாச்சோறு நல்ல வழி. பௌர்ணமியை ஒட்டிய சனி, ஞாயிறு பாருங்கள். முதல் தடவை மூன்று, நான்கு வீடு போதும். வாட்ஸ்அப்பில் போட்டால் கட்டைவிரல்தான் வரும், ஆள் வராது. கதவைத் தட்டிக் கூப்பிடுங்கள். அப்போதே சைவமா, வெங்காயம் பூண்டு சேருமா, விரத நாளா என்று கேட்டுவிடுங்கள்.

"ஏதாவது கொண்டு வாங்க" என்றால் நாலு வீட்டிலிருந்தும் எலுமிச்சை சாதமே வரும். ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள்: புளியோதரை, தேங்காய் சாதம், உருளை வறுவல், அப்பளம். இந்த இரண்டோடு தயிர்சாதமும் ஆக மூன்று சாதத்துக்கும் சேர்த்து ஒன்றரை கிலோ அரிசி தாராளம்.

தயிர்சாதம் அழைப்பவர் வீட்டில். அரை கிலோ அரிசிக்கு நாலு பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, காய்ச்சிய பால் முக்கால் லிட்டர் ஊற்றுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் ஒரு குழிக்கரண்டி தயிர். சூட்டில் விட்டால் திரிந்துவிடும். தயிர் கூடினால் இரவுக்குள் புளிக்கும். இறுகினால் தளர்த்த ஒரு டம்ளர் பால் மாடிக்கு எடுத்துப் போங்கள்.

தேங்காய்ச் சட்னி வேண்டாம், வெக்கையில் ஊசிவிடும். மிஞ்சியதை அவரவர் பாத்திரத்திலேயே கொடுத்தனுப்புங்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது நம் வழக்கமில்லையே.