நீர்நாய்க்குக் கண்ணி வைக்க அனுமதி கேட்டால் எப்படி எதிர்ப்பது

கொள்ளிடக் கரையோர ஊர்களில் "நீர்நாய் மீனைத் தின்கிறது, பிடிக்க அனுமதி கொடுங்கள், சட்டத்தைத் தளர்த்துங்கள்" என்று யாராவது மனு எழுத ஆரம்பித்தால், எதிர்மனு எழுதும் முன் மீனைப் பறிகொடுத்த குட்டைக்காரரைப் போய்ப் பாருங்கள். வளர்த்த கெண்டை ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போவது நிஜமான நஷ்டம். அதை இல்லையென்று சொல்லிவிட்டு நீங்கள் பேசும் எதையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள். எந்தக் குட்டை, எத்தனை முறை, எவ்வளவு மீன் என்று குறித்துக்கொள்ளுங்கள், அவருடைய கையெழுத்தே பின்னால் உங்கள் மனுவுக்குப் பலம்.

சட்டத்தைச் சரியாகச் சொல்லுங்கள். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் 2022-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு நம் ஆற்று நீர்நாய், அதிகபட்சப் பாதுகாப்பு உள்ள விலங்குகளின் பட்டியலான முதல் அட்டவணையில் இருக்கிறது. கண்ணி வைப்பதும் பொறி வைப்பதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான், தண்டனை குறைந்தது மூன்று வருடச் சிறை. இந்த அட்டவணையில் உள்ள விலங்கை, மனித உயிருக்கு ஆபத்து என்றாலோ, அது பிழைக்க வழியில்லாமல் நோயுற்றிருந்தாலோதான் தலைமை வன உயிரினக் காப்பாளர் கொல்ல அனுமதிக்க முடியும், மீன் போனது அதற்குக் காரணம் ஆகாது. அட்டவணையை மாற்றுவது மத்திய அரசின் கையில் இருப்பதால், கலெக்டரிடம் தளர்வு கேட்டு அலைவதே வீண் என்பதை ஊருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அப்புறம் கண்ணியைப் பற்றிப் பேசுங்கள், எனக்கு இதுதான் முக்கியமான வாதம். சுருக்குக் கம்பிக்கு ஆள் தெரியாது. வரப்பில் வரும் கீரி, உடும்பு, நரி, ஆமை, ஏன், உங்கள் வீட்டு நாய்கூட அதில் மாட்டும். நீர்நாய் குடும்பமாக வாழும் விலங்கு, தாய் செத்தால் பால் குடிக்கும் குட்டிகளும் செத்துப்போகும். இத்தனைக்குப் பிறகும் குட்டை திறந்தே கிடந்தால் வேறொரு கூட்டம் வரும்.

அதனால் மனுவில் மறுப்பை மட்டும் எழுதாதீர்கள், வேலியும் வலையும் கேளுங்கள். கம்பி வலையை மண்ணுக்குள் புதைத்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். சின்னக் குட்டையாக இருந்தால் மேலேயும் வலை போடலாம், கரைப் புதரை வெட்டிவிடலாம். இதற்கு மானியம் வேண்டும் என்று மீன்வளத்துறைக்கும் மாவட்ட வன அலுவலருக்கும் சேர்த்தே எழுதுங்கள். திருட்டு மின்வேலி மட்டும் கூடவே கூடாது, மனுஷ உயிரே போய்விடும்.

சாட்சிக்கு, மணல் திட்டில் நாணல் ஓரமாக மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்த எச்சம் கிடக்கும், கால்தடமும் இருக்கும், தேதியோடு படம் எடுங்கள். வளை இருக்கும் இடத்தை மட்டும் தயவுசெய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள், கண்ணி வைப்பவனுக்கு நீங்களே வழி காட்டிய மாதிரி ஆகிவிடும்.

மனுவை மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது, அடுத்ததில் தீர்மானமாகவும் கொண்டுவாருங்கள், முன்மொழிவது அந்தக் குட்டைக்காரராக இருந்தால் ரொம்ப நல்லது. இடையில் எங்காவது கண்ணியைப் பார்த்தால் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.