பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் அடுத்த வீட்டார் செய்யக்கூடியவை

கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல் போன்ற கடலோர ஊர்களில் வீடுகள் நெருங்கி நிற்பதால், ஒரு வீட்டில் விழும் அடியின் சத்தம் நான்கு வீடுகளுக்குக் கேட்கும். ஆனாலும் 'அது அவர்கள் குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்திக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வன்முறை நடந்ததாகவோ நடக்கப்போவதாகவோ நம்பும் எவரும், இச்சட்டத்தின்கீழ் அரசு நியமிக்கும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர் மீது வழக்குத் தொடர முடியாது. அடி உதை மட்டுமன்றி, கொண்டுவந்த பவுன் நகை போதாது என்று நாள்தோறும் குத்திக்காட்டுவதும், நகையைப் பறித்துக்கொள்வதும், வெளிநாட்டிலிருக்கும் கணவர் வீட்டுச் செலவுக்குப் பணம் அனுப்பாமல் பணியவைப்பதும் இச்சட்டத்தின் பார்வையில் வன்முறைதான்.

அடி விழும் நேரத்தில் 112 என்ற அவசர உதவி எண்ணையோ 181 என்ற பெண்கள் உதவி எண்ணையோ அழையுங்கள். மறுநாள் அடிபட்ட பெண்ணைத் தனியாகச் சந்தித்து, 'நீ என்ன செய்தாய்?' என்று கேட்காமல், சொல்வதைக் கேளுங்கள். காயம் இருந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ கூடவே செல்லுங்கள். பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: மருத்துவர் கேட்டதும், கூட வந்த மாமியாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'குளியலறையில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லிவிடுகிறார்கள், அதுவே பதிவேட்டில் ஏறி, பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கைக்கு வாகாகப் போய்விடுகிறது. யார், எதனால் அடித்தார் என்பதைப் பதியச் சொல்ல வேண்டும்.

அவருடைய ஆதார், வங்கிப் புத்தகம், திருமணச் சான்று, நகைக்கடை ரசீது ஆகியவற்றின் நகல்களை ஒரு பிளாஸ்டிக் உறையிலிட்டு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது பேருதவி.

ஊர்க்கமிட்டியிலும் தேவாலயப் பங்கிலும் பேசிச் சமாதானம் செய்வது நம் மாவட்டத்தில் ஊறிய பழக்கம், நல்லெண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் எழுத்தில் எதுவுமின்றி, 'இனி அடிக்க மாட்டான்' என்ற வாய்ச்சொல்லோடு அவரைத் திருப்பி அனுப்பும் சமாதானத்தை நான் சமாதானமாகக் கருதுவதில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைச் சந்தித்தால், அவர் நடந்த வன்முறையைப் பதியும் 'குடும்ப நிகழ்வு அறிக்கை' தயாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். முதல் விசாரணை வழக்கமாக மூன்று நாட்களுக்குள் குறிக்கப்பட வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்ற கவலையும் வேண்டாம். வருமானம் எவ்வளவாயினும், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம்.

வீடு கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருந்தாலும், சேர்ந்து வாழ்ந்த வீட்டிலிருந்து சட்ட நடைமுறையின்றி அந்தப் பெண்ணைத் தெருவுக்குத் துரத்த முடியாது. நகைகளைத் திருப்பித் தரவும் நீதிமன்றம் உத்தரவிடலாம். அவரைத் துன்புறுத்தக் கூடாது என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படும். ஆணையின் நகல் ஒன்று காவல் நிலையத்திலும், இன்னொன்று உங்கள் வீட்டிலிருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறையிலும் இருக்கட்டும்.