ஸ்பையர் நகரின் வரலாற்றைப் பயிலும் முறை

ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையிலுள்ள ஸ்பையரின் வரலாற்றைப் பயில விரும்புவோர், புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் கொன்ராட் 1030 அளவில் கட்டத் தொடங்கி 1061இல் நேர்ந்தளிக்கப்பட்ட பேராலயத்தின் நிலவறையிலிருந்தே தொடங்க வேண்டும். ஏனெனில், 1689இல் பிரெஞ்சுப் படையினர் நகரை எரித்தபோது பேராலயத்தின் மேற்குப் பகுதி பெரிதும் அழிந்து 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டது, நிலவறையோ பெரும்பாலும் பழைய வடிவிலேயே நிற்கிறது. அதன் தூண்களிடையே அவசரமின்றி நடந்து பாருங்கள்; கொன்ராடின் சாலிய மரபைச் சேர்ந்த பேரரசர்களின் கல்லறைகளும் அருகிலேயே உள்ளன.

அடுத்து, யூதர் குடியிருப்பின் எச்சங்களைக் காணுங்கள். 1084இல் நகரின் கிறித்தவ ஆயர் ரூடிகர் யூதர்களுக்கு உரிமைகள் வழங்கினார். 12ஆம் நூற்றாண்டின் சடங்கு நீராடுதுறை இன்றும் நிலத்தடியில் உள்ளது. இதைத் தவறவிடுவோர் நகரின் பாதி வரலாற்றை இழக்கிறார்கள்.

பிறகு அதே ஆற்றங்கரையிலுள்ள வோர்ம்ஸ், மைன்ஸ் நகரங்களுக்குச் சென்று, அங்குள்ள பேராலயங்களையும் யூத மரபையும் ஒப்பிடுங்கள்.